சோவியத்துக்குப் பிந்தைய ரஷ்யா: அன்றாட வாழ்க்கையும் இரவு வாழ்க்கையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2003இல் மருத்துவம் படிக்க பீட்டர்ஸ்பர்க் போனேன். படிப்பு முடிந்ததும் மாஸ்கோவில் நான்கு ஆண்டுகள் வேலை. ஊர் திரும்பிய நாள் முதல் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ரஷ்யாவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள், சோவியத் புத்தகம் படித்து வளர்ந்த மாமாக்கள், சுற்றுலா கிளம்பும் நண்பர்கள் என்று பலரும் கேட்டதை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் போவதற்கு முந்தைய காலத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொன்னவர், பீட்டர்ஸ்பர்கில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் பாட்டி. அவர் பேச்சு அடிக்கடி வரும்.

சோவியத் யூனியன் உடைஞ்சதும் மறுநாளே எல்லாம் மாறிடுச்சா?

கொடி மாறியது ஒரே இரவில். 1991 டிசம்பர் 25 அன்று சோவியத் அதிபர் கோர்பச்சேவ் பதவி விலகினார், கிரெம்ளினில் செங்கொடி இறங்கியது. ஆனால் சாதாரண மக்களிடம் கேட்டால் அந்த நாளைச் சொல்ல மாட்டார்கள். 1992 ஜனவரி 2ஐச் சொல்வார்கள். அன்றுதான் அரசு விலைக்கட்டுப்பாட்டை எடுத்தது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் விலைகள் ஏறத்தாழ 26 மடங்கு ஏறின. ஆயுள் முழுக்கச் சேர்த்த வங்கிச் சேமிப்பு சில மாதங்களில் ஒன்றுக்கும் உதவாமல் போனது.

அதே ஜனவரி 29இல் யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று ரஷ்ய அதிபர் யெல்ட்சின் ஆணை போட்டார். உடனே மெட்ரோ வாசல்களில் மக்கள் வரிசையாக வந்து நின்றார்கள். கடை போடவில்லை, கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு ஜோடி செருப்பு, ஒரு டப்பா மீன், தாத்தாவின் பதக்கம். எங்கள் வீட்டுப் பாட்டி ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். மாதக்கணக்கில் சம்பளம் வராமல், கடைசியில் சம்பளத்துக்குப் பதிலாகப் பீங்கான் கோப்பைகளைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்களாம். அப்படிச் சரக்காகச் சம்பளம் கொடுப்பது அப்போது நாடு முழுக்க நடந்தது. மைனஸ் பதினைந்து குளிரில் அந்தக் கோப்பைகளோடு மெட்ரோ வாசலில் நின்றிருக்கிறார். விற்காமல் மிஞ்சியவை ஏழு. நீலக் கோடு போட்ட அந்தக் கோப்பையில்தான் எனக்கு ஒவ்வொரு நாளும் தேநீர் கொடுத்தார்.

அதுக்கு முன்னாடி ராத்திரி வாழ்க்கைன்னே ஒண்ணும் கிடையாதா?

இருந்தது, ஆனால் வெளியே இல்லை. சோவியத் உணவகங்கள் இரவு 11 மணிக்கு மூடிவிடும். அதற்கு முன்பும் உள்ளே போவது சுலபமில்லை. கதவில் ‘இடம் இல்லை’ என்ற பலகை தொங்கும். உள்ளே பாதி மேசை காலியாக இருந்தாலும், வாயிற்காவலரின் கையில் கொஞ்சம் பணம் வைத்தால்தான் இடம் பிறக்கும்.

உண்மையான இரவு நடந்தது சமையலறையில். 1950களின் கடைசி வரை நகரவாசிகளில் மிகப் பலர் கொம்முனால்காவில் இருந்தார்கள். அது ஒரு வீட்டில் ஐந்தாறு குடும்பங்கள், ஒரே அடுப்பங்கரை, ஒரே கழிப்பறை என்ற ஏற்பாடு. அடுத்து வந்த சோவியத் தலைவர் குருஷ்சேவ் காலத்தில் லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் குடியிருப்புகள் லட்சக்கணக்கில் எழுந்தன. முதல் தடவையாக ஒரு குடும்பத்துக்கு அதற்கே சொந்தமான சமையலறை கிடைத்தது. ஐந்து ஆறு சதுர மீட்டர்தான். ஆனால் அதன் கதவைச் சாத்திக்கொள்ளலாம். நம்பகமான நண்பர்கள் மட்டும் சுற்றி உட்கார்ந்து, குழாயைத் திறந்துவிட்டோ வானொலியைச் சத்தமாக வைத்தோ, விடியும்வரை அரசியலும் கவிதையும் பேசினார்கள். கிதாரும் அங்கேதான். ரஷ்ய இரவைப் புரிந்துகொள்ள நினைப்பவர்கள் கிளப்பிலிருந்து தொடங்கக் கூடாது, இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அரசின் கண் பார்வையிலேயே ஒரு சின்ன ஜன்னலும் திறந்தது. 1981இல் லெனின்கிராடின் (பீட்டர்ஸ்பர்கின் சோவியத் காலப் பெயர்) ரூபின்ஷ்டைன் தெரு 13ஆம் எண் கட்டடத்தில் ராக் கிளப் ஆரம்பித்தார்கள். பாடல் வரிகளை முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்க வேண்டும், பார்வையாளர்கள் நாற்காலியில் அமைதியாக உட்கார வேண்டும். இன்று அதே தெரு முழுக்க பார்கள்.

சாப்பாட்டுக்கே வழியில்லாத நேரத்துல டான்ஸ் கிளப் எப்படி வந்துச்சு மேடம்?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. காசு இல்லாததால்தான் வந்தது என்பதே பதில். அரசு பின்வாங்கியதும் கட்டடங்கள் அப்படியே கிடந்தன. பழுதுபார்ப்புக்காகக் காலி செய்யப்பட்டுப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத வீடுகள் லெனின்கிராட் நடுவிலேயே நிறைய. அவற்றில் ஓவியர்களும் இசைக்காரர்களும் குடியேறினார்கள். 1990 வாக்கில் ஃபோன்டாங்கா ஆற்றங்கரை 145ஆம் எண் வீட்டில் நடந்த நடன இரவுகளைத்தான், மின்னணு இசைக்கு விடியவிடிய ஆடும் ரஷ்ய ரேவ் கலாசாரத்தின் பிறப்பிடமாக இன்றும் சொல்கிறார்கள்.

அந்தக் கூட்டம் மாஸ்கோவுக்குப் போய் நடத்தியதுதான் ககாரின் பார்ட்டி. நாள் 1991 டிசம்பர் 14. இடம், சோவியத் சாதனைகளைக் காட்சிக்கு வைத்த வேதென்ஹா கண்காட்சித் திடலின் விண்வெளி அரங்கம். செயற்கைக்கோள்களும் விண்கல மாதிரிகளும் தொங்கும் கூரைக்குக் கீழே விடிய விடிய டெக்னோ என்ற மின்னணு நடன இசை. கிரெம்ளினில் செங்கொடி இறங்க இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது! அடுத்த சில ஆண்டுகளில் அதே அரங்கம் கார் விற்கும் இடமாகி, பிறகு விதையும் பூச்செடியும் விற்கும் சந்தையானது. 2018இல்தான் மறுபடி விண்வெளிக் காட்சியகமாகத் திறந்தார்கள்.

பீட்டர்ஸ்பர்கில் இன்னொரு வகை இடமும் தாராளமாக இருந்தது: அணுகுண்டுப் பயத்தில் கட்டிய பதுங்கு அறைகள். 1993இல் அப்படி ஒன்றில் டன்னல் கிளப் திறந்தது, நாட்டின் முதல் டெக்னோ கிளப் அதுதான் என்பார்கள். 1996இல் இன்னொரு பதுங்கு அறையில் கிரிபயேதொவ் வந்தது. நான் போனது கிரிபயேதொவுக்கு. படி இறங்க இறங்கக் காற்று ஈரமாகும், இரும்புக் கதவின் தடிப்பு என் முழங்கை நீளம் இருக்கும். அந்தக் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். மேலே உலகம் அழிந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டிய அறையில் இருபது வயதுப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1991 முதல் 1996 வரை வசீலியெவ்ஸ்கி தீவில் இருந்த தாம்தாம் கிளப்பையும் விட்டுவிடக் கூடாது. செல்லோ கலைஞர் வ்செவலத் கக்கெல் அதை நடத்தினார். பங்க் இசைக்காரர்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் மேடை ஏறிய இடம் அது.

அப்போ மாஃபியா, தங்கச் சங்கிலி, சிவப்புக் கோட்டு… அதெல்லாம் சினிமாவா நிஜமா?

நிஜம். ‘புதிய ரஷ்யர்கள்’ என்று ஒரு கூட்டத்தையே சொல்வார்கள். கருஞ்சிவப்புக் கோட்டு, கனமான சங்கிலி, 600 வகை மெர்சிடஸ் கார். அவர்களைப் பற்றிய நகைச்சுவைத் துணுக்குகள் மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கும். ‘கிரிஷா’ என்ற சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள். சொற்பொருள் கூரை. தெருவோரப் பெட்டிக்கடை முதல் நைட் கிளப் வரை ஒவ்வொரு தொழிலுக்கும் மேலே ஒரு கூரை வேண்டும், அதாவது மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு ‘பாதுகாக்கும்’ கும்பல். முதலில் குண்டர்கள், பிறகு பல இடங்களில் சீருடைக்காரர்கள்.

ஆனால் அந்தக் காலத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் குண்டர்கள் இல்லை, ‘செல்னோக்’ எனப்பட்ட சிறு வியாபாரிகள். நெசவுத்தறியில் முன்னும் பின்னும் ஓடும் நாடாவுக்கு ரஷ்யப் பெயர் செல்னோக். அதைப் போலத் துருக்கிக்கும் சீனாவுக்கும் போலந்துக்கும் ஓடி, கட்டம் போட்ட பெரிய பைகளில் துணிமணி சுமந்து வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், அதில் ஆசிரியைகளும் பொறியாளர்களும் இருந்தார்கள். மாஸ்கோவின் லுஷ்னிகி மைதானமே அப்போது ஒரு சந்தை. 1998 ஆகஸ்ட் 17 அன்று அரசு கடனைத் திருப்பித் தர முடியாது என்று கைவிரித்தது. டாலருக்கு 6 ரூபிளாக இருந்தது, ஆண்டுக் கடைசியில் 20ஐத் தாண்டியது. வெளிநாட்டுச் சரக்கில் பிழைத்த பலரும் அன்று விழுந்தார்கள்.

சூதாட்டமும் இதோடு சேர்ந்தது. 2000களில் மெட்ரோ வாசலில்கூட சூதாட்ட இயந்திரங்கள் இருந்ததை நானே பார்த்தேன். ஓய்வூதியத்தை அதில் போட்டுவிட்டு அழுத பெரியவரையும் பார்த்திருக்கிறேன். 2009 ஜூலை 1 முதல் குறிப்பிட்ட சில மண்டலங்களைத் தவிர எல்லா இடத்திலும் தடை வந்தது. நல்ல காரியம்.

ஃபேஸ் கன்ட்ரோல்னு ஏதோ சொல்றாங்களே, அது என்ன?

எண்ணெய் விலை ஏறிய 2000களில் மாஸ்கோவில் பணம் புரண்டது. அப்போது வந்த ஆடம்பரக் கிளப்புகளின் வாசலில் ஓர் ஆள் நிற்பார். உங்கள் முகம், செருப்பு, கூட வந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே விடுவார் அல்லது மாட்டார். காரணம் சொல்ல மாட்டார். அந்த வேலைக்குப் பெயர்தான் ஃபேஸ் கன்ட்ரோல். அந்த ஆங்கிலச் சொற்கள் ரஷ்யப் பேச்சில் அப்படியே புழங்குகின்றன. மேலே சொன்ன ‘இடம் இல்லை’ பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நாடு மாறியது, பணம் மாறியது, வாசலில் நிற்கும் ஆள் மட்டும் மாறவில்லை.

எல்லா இடமும் அப்படி இல்லை. 1990களின் கடைசியில் மாஸ்கோவில் ஓகி என்ற இடம் வந்தது. ஒரே கூரைக்குள் புத்தகக் கடை, மலிவான சாப்பாடு, கவிதை வாசிப்பு, கச்சேரி, விடிய விடியத் திறந்த கதவு. மாணவனும் பேராசிரியரும் ஒரே மேசையில் இருந்தார்கள். சமையலறையைத் தெருவுக்குக் கொண்டுவந்த மாதிரி என்று எனக்குத் தோன்றும். அதைப் பின்பற்றிப் பல இடங்கள் பிறந்தன.

எல்லாரும் எப்பவும் வோட்கா குடிச்சிட்டே இருப்பாங்களாமே?

குடியால் அந்த நாடு பட்ட துயரத்தை லேசாகச் சொல்ல எனக்கு மனமில்லை. 1994இல் ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 58க்கும் கீழே போனது, அதில் மதுவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்தப் படம் பழையது. 2003 முதல் 2016 வரை தலா மது நுகர்வு 43 சதவீதம் குறைந்ததாக உலக சுகாதார நிறுவனமே சொன்னது. வரி ஏறியது, வோட்காவுக்குக் குறைந்தபட்ச விலை வந்தது, இரவு 11 முதல் காலை 8 வரை கடைகளில் விற்கத் தடை வந்தது. பீட்டர்ஸ்பர்கில் 10 மணிக்கே நிறுத்திவிடுவார்கள். பீர் 2011 சட்டத்துக்கு முன்பு வரை உணவுப் பொருள் கணக்கில்தான் இருந்தது! நான் படித்த காலத்தில் காலை எட்டு மணிக்கு பீர் பாட்டிலோடு மெட்ரோ ஏறுபவர்களைப் பார்க்கலாம். இப்போது பெட்டிக்கடையில் பீர் விற்கவே கூடாது. 25 வயதுக்காரர்கள் காபிக்கடையில் சந்திக்கிறார்கள்.

வீட்டு விருந்தில் குடி என்பது ஒரு முறைமை. தனியாக எடுத்து உறிஞ்ச மாட்டார்கள். யாராவது எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும், பிறகுதான் எல்லோரும் சேர்ந்து. கூடவே ஊறுகாய் வெள்ளரி, உப்பு மீன், கறுப்பு ரொட்டி. ‘நா ஸ்தரோவியே’ என்று சொல்லிக் கோப்பையைத் தூக்காதீர்கள். அது சாப்பாட்டுக்கு நன்றி சொன்னவருக்குத் தரும் பதில். குடிக்க மாட்டீர்கள் என்றால் முதலிலேயே சொல்லிவிட்டுப் பழச்சாற்றைத் தூக்குங்கள். நான் அங்கே இருந்த காலம் முழுக்க அப்படித்தான் இருந்தேன், யாரும் முகம் சுளித்ததில்லை.

ஏன் யாருமே சிரிக்க மாட்டேங்கிறாங்க? நம்மள பிடிக்கலையா?

அப்படி இல்லை. காரணமில்லாத சிரிப்பு முட்டாளின் அடையாளம் என்று அவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு. கடைக்காரர் உங்களைப் பார்த்துச் சிரித்தால் அவருக்கு உங்களைத் தெரியும் என்று பொருள். மூன்றாவது வாரம் அந்தச் சிரிப்பு வரும், வந்தால் போகாது.

ஒருத்தர் வீட்டுக்குக் கூப்பிட்டா என்ன எடுத்துட்டுப் போகணும்?

கேக், சாக்லேட், பழம், பூ. பூ என்றால் ஒற்றைப்படையில் மட்டும். இரட்டைப்படை எண்ணில் பூக்களைச் சாவுக்குத்தான் கொண்டுபோவார்கள். நான் முதல் ஆண்டு தெரியாமல் ஆறு கார்னேஷன் எடுத்துக்கொண்டு போனேன். பாட்டி ஒன்றும் சொல்லாமல் ஒரு பூவை உருவித் தனிக் கோப்பையில் வைத்துவிட்டு, ஐந்தைக் குவளையில் வைத்தார். மறுநாள்தான் விளக்கம் சொன்னார். இரவில் பூ வேண்டுமென்றால் கவலை வேண்டாம், 24 மணி நேரப் பூக்கடைகள் எல்லாப் பெரிய ஊரிலும் இருக்கின்றன. மார்ச் 8 மகளிர் நாளுக்கு முந்தைய இரவு அங்கே ஆண்கள் வரிசையில் நிற்பதைப் பாருங்கள்.

வாசலில் காலணியைக் கழற்ற வேண்டும், நம் வழக்கம்தான். விருந்தாளிக்கென்று வீட்டுச் செருப்பு வைத்திருப்பார்கள், போட்டுக்கொள்ளுங்கள். நிலைப்படிக்கு இரு புறமும் நின்று கைகுலுக்காதீர்கள், உள்ளே வந்த பிறகுதான். பெரியவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பெயரோடு அவர்கள் தந்தை பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரிய கூடம் இருந்தாலும் உங்களைச் சமையலறையில் உட்காரவைத்தால் குறையாக நினைக்காதீர்கள், அதுதான் மரியாதை.

பானியான்னா எல்லாரும் ஒண்ணா குளிப்பாங்களா? கூச்சமா இருக்குமே அக்கா?

பொதுப் பானியாவில், அதாவது நீராவிக் குளியல் கூடத்தில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி அல்லது தனித்தனி நாள். அவரவர் பகுதியில் துணி இல்லாமல்தான் இருப்பார்கள், போர்த்திக்கொள்ளத் துணி உண்டு. கூச்சம் பத்து நிமிடத்தில் போய்விடும், ஏனென்றால் உங்களை யாரும் பார்க்கவே மாட்டார்கள்.

சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி கிளப்புவார்கள். வேனிக் என்று பிர்ச் மரக் கிளைகளை இலையோடு காயவைத்துக் கட்டிய கத்தை இருக்கும், அதை ஊறவைத்து முதுகில் தட்டுவார்கள். அடிப்பது போலத் தெரியும், உண்மையில் சூட்டை உடம்பில் இறக்கும் முறை. பிறகு குளிர்ந்த நீர், பிறகு தேநீர், மறுபடி ஆவி. முடிந்து வருபவரிடம் ‘ஸ் லியோஹ்கிம் பாரம்’ என்று வாழ்த்த வேண்டும். மாஸ்கோவின் சாந்துனி குளியல் மாளிகை 1808இல் தொடங்கியது, இப்போதைய கட்டடம் 1896இல் வந்தது. போய்ப் பாருங்கள், ஆனால் தெருமுனைப் பானியாவில்தான் ஊர்க்கதை கிடைக்கும். கோடையில் பராமரிப்புக்காக வீடுகளில் வெந்நீர் இரண்டு வாரம் வரை நிற்கும். அந்த நாட்களில் பானியாவின் அருமை தெரியும்.

சனி ஞாயிறு ஆனா ஊரே காலியாயிடுமாமே, எங்கே போறாங்க?

தாச்சாவுக்கு. ஊருக்கு வெளியே சின்ன வீடும் தோட்டமும். சோவியத் காலத்தில் தொழிலாளர்களுக்கு வழக்கமாகக் கொடுத்தது 600 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 15 சென்ட். 1990களில் நகரக் குடும்பங்கள் பட்டினி கிடக்காமல் தப்பியதற்கு இந்த 15 சென்ட்தான் பெரிய காரணம். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வெள்ளரி எல்லாம் அங்கே விளைந்து, கண்ணாடி ஜாடிகளில் குளிர்காலத்துக்கு ஏறின. மே மாத விடுமுறையில் புறநகர் ரயிலில் ஏறினால் எல்லோர் கையிலும் தக்காளி நாற்று இருக்கும்.

இன்று இளைஞர்கள் விதைப்பதில்லை, கறி சுடத்தான் போகிறார்கள். கரி அடுப்பில் ஷஷ்லிக், பக்கத்தில் கிதார், கொசுக்கடி. பீட்டர்ஸ்பர்க் பக்கத்துத் தாச்சா என்றால் ஜூன் இரவில் இருட்டே வராது.

அவங்க கிறிஸ்துமஸ்ஸை விட நியூ இயரைப் பெருசா கொண்டாடுறாங்களே, ஏன்?

சோவியத் ஆட்சி கிறிஸ்துமஸை ஒழித்தது, மரத்தையும் ஒழித்தது. 1935இன் முடிவில் மரத்தை மட்டும் புத்தாண்டு மரமாகத் திரும்பக் கொடுத்தது. மரம், பரிசு, பனித்தாத்தா எல்லாம் அப்படிப் புத்தாண்டுக்கு நகர்ந்தன. 1991இல் கிறிஸ்துமஸ் விடுமுறை திரும்பி வந்தபோது, மக்களின் மனம் புத்தாண்டோடு ஒட்டிவிட்டிருந்தது. ரஷ்யத் திருச்சபை பழைய நாட்காட்டியைப் பின்பற்றுவதால் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அதே கணக்கில் ஜனவரி 13 இரவு ‘பழைய புத்தாண்டு’ ஒன்றும் உண்டு.

டிசம்பர் 31 மதியமே தொலைபேசி அடிக்கத் தொடங்கும். நாட்டில் 11 நேர மண்டலங்கள். மாஸ்கோவில் மதியம் 3 மணி ஆகும்போது கம்சாட்காவில் நள்ளிரவு. பாட்டியின் தங்கை அங்கே இருந்தார், மூன்று மணிக்கு முதல் வாழ்த்து அவருடையது. அதற்குள் ஒலிவியே சாலட் வெட்டி முடித்திருக்க வேண்டும்: உருளைக்கிழங்கு, கேரட், முட்டை, பட்டாணி, ஊறுகாய் வெள்ளரி, கறித்துண்டு, மேலே மயோனேஸ். எனக்குக் கறி போடாமல் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைப்பார். மேசையில் மாண்டரின் ஆரஞ்சு கட்டாயம். அந்த வாசனைதான் அவர்களுக்குப் புத்தாண்டு. 11.55க்கு அதிபர் உரை, பிறகு கிரெம்ளின் மணி. 1999 டிசம்பர் 31 அன்று யெல்ட்சின் தொலைக்காட்சியில் தோன்றிப் பதவி விலகுகிறேன் என்றது இந்தச் சாலட் வெட்டும் நேரத்தில்தான். பாட்டி கத்தியைக் கீழே வைக்கவே மறந்து நின்றாராம்.

நள்ளிரவு வரை குடும்பம், அதற்குப் பிறகுதான் இளைஞர்கள் வெளியே கிளம்புவார்கள். கிளப்புகள் ஒரு மணிக்குமேல்தான் நிறையும்.

பீட்டர்ஸ்பர்க்ல ராத்திரி பாலத்தைத் தூக்கிட்டா மாட்டிக்குவோமா?

மாட்டிக்கொள்வீர்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, கப்பல்கள் போக நேவா நதிப் பாலங்களை ஏறக்குறைய இரவு 1.30 முதல் 5 வரை தூக்குவார்கள். மெட்ரோ நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். ஆகவே அந்த ஊரில் இரவு இரண்டே வகை: பன்னிரண்டுக்கு முன் முடிவது, விடிந்த பிறகு முடிவது. 2004இல் திறந்த ஒபுகோவ் பெரும்பாலம் தூக்கத் தேவையில்லாதது, ஆனால் வெகு தூரம் சுற்ற வேண்டும்.

நான் இருந்தது வசீலியெவ்ஸ்கி தீவில். இரண்டாம் ஆண்டு ஜூனில் ஐந்து நிமிடம் தாமதமாக ஓடி வந்தேன், அரண்மனைப் பாலம் கண்ணெதிரே இரண்டாகப் பிளந்து எழுந்தது. தெருவிளக்குகள், சாலைக் கோடு எல்லாம் சேர்ந்து செங்குத்தாக நின்றன. இருட்டே வராத வெள்ளை இரவு, வானம் பால் நிறம். என்னைப் போல மாட்டிக்கொண்டவர்கள் நூறு பேராவது கரையில் இருந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு குடும்பம் ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தது. ஐந்து மணிக்குப் பாலம் இறங்கியதும் எல்லோரும் அலுவலகம் போவதுபோல் வரிசையாக நடந்து கடந்தோம். ஜூன் கடைசியில் போகிறவர்கள் பள்ளி முடித்த பிள்ளைகளுக்கான செம்பாய்மர விழாவையும் பாருங்கள். 1968இல் தொடங்கி, 1979இல் நின்று, 2005இல் திரும்ப வந்தது. நதியில் சிவப்புப் பாய் விரித்த கப்பல் வரும்.

பொண்ணுங்க ராத்திரி தனியா வெளியே போகலாமாக்கா? நிறத்தைப் பார்த்துத் தொந்தரவு பண்ணுவாங்களா?

மறைக்காமல் சொல்கிறேன். 2000களின் நடுவில் பீட்டர்ஸ்பர்கில் மொட்டைத்தலைக் கும்பல்கள் வெளிநாட்டு மாணவர்களைத் தாக்கின, கொலைகளும் நடந்தன. ஹிட்லர் பிறந்த நாளான ஏப்ரல் 20 அன்று நாங்கள் வெளியே போக மாட்டோம். விடுதியில் ரொட்டியும் முட்டையும் முதல் நாளே வாங்கி வைத்துவிடுவோம். பிறகு அந்தக் கும்பல்கள் மீது வழக்குகள் நடந்து, தெருவில் அவர்களின் ஆட்டம் பெருமளவு அடங்கியது. முறைப்பும் கேலிப் பேச்சும் இன்னும் சில இடங்களில் உண்டு.

போக்குவரத்து முன்பைவிட நன்றாக இருக்கிறது. என் காலத்தில் டாக்சி என்றால் சாலையில் கையை நீட்டுவதுதான். ஏதோ ஒரு சொந்தக் கார் நிற்கும், ஜன்னல் வழியே பேரம் பேசி ஏற வேண்டும். அவர்களுக்கு ‘பம்பீலா’ என்று பெயர். இரண்டு பேர் இருக்கும் காரில் ஏறாதே என்பது பாட்டியின் கட்டளை. 2011இல் யாந்தெக்ஸ் டாக்சி வந்த பிறகு செயலியில் வண்டி எண் தெரிந்து ஏறலாம். பாஸ்போர்ட், தங்குமிடப் பதிவுச் சீட்டு நகல் எப்போதும் கையில் இருக்கட்டும். அவசரத்துக்கு 112.

கிளப்புக்கு உள்ள போனா முதல்ல எதைக் கவனிக்கணும்?

வெளியேறும் வழியை. 2009 டிசம்பர் 5 அதிகாலை பெர்ம் நகரின் ‘நொண்டிக் குதிரை’ கிளப்பில் ஆண்டு விழா. உள்ளரங்கில் வாணவேடிக்கை கொளுத்தினார்கள். பொறி பட்ட கூரை, மரக்கிளைகளாலும் ஸ்டைரோஃபோமாலும் அலங்கரித்த கூரை. வெளியேற வழி போதவில்லை. 156 பேர் இறந்தார்கள். நாடு முழுக்கச் சோதனை நடந்து பல இடங்களை மூடினார்கள். ஆனாலும் 2022 நவம்பரில் கொஸ்த்ரோமா நகரக் கிளப்பில் மறுபடி தீ, 13 பேர் இறந்தார்கள். மேலே நான் ஆசையாகச் சொன்ன பதுங்கு அறைகளுக்கும் இது பொருந்தும். இரண்டாவது கதவு எங்கே, அது திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

இந்தியான்னு சொன்னா ராஜ் கபூர் பாட்டுப் பாடுவாங்களாமே?

ஐம்பது வயது தாண்டியவர்கள் பாடுவார்கள். ராஜ் கபூரைவிட மிதுன் சக்கரவர்த்தி பெயரை அதிகம் கேட்டேன். 1980களில் அவர் படத்துக்குத் தியேட்டர் வாசலில் வரிசை நின்றவர்கள் அவர்கள். இளைஞர்களுக்கு இந்தியா என்றால் யோகா, கோவா.

சோவியத் புத்தகத்துல படிச்ச அந்த ரஷ்யா இன்னும் இருக்காம்மா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அப்பா வயதுக்காரர்கள். முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் மாஸ்கோவில் அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் சில ரூபாய்க்கு வாங்கிப் படித்தவர்கள். அந்த வழவழப்புத் தாளின் வாசனை என் குழந்தைப் பருவத்திலும் உண்டு. பிர்ச் மரம், பனி, சமோவார், இவை இருக்கின்றன. சமோவார் அலமாரியில், தேநீர் மின்கெட்டிலில். எல்லோருக்கும் எல்லாம் என்ற அந்த உலகத்தை மெட்ரோ வாசலில் கோப்பை விற்ற பாட்டியிடம் கேட்டால், பாதி வருத்தத்தோடும் பாதிக் கோபத்தோடும் பேசுவார்.

தொட்டுப் பார்க்கக்கூடியதாக ஓர் இடம் சொல்கிறேன். பீட்டர்ஸ்பர்கின் போல்ஷயா கன்யூஷென்னயா தெருவில் 1958 முதல் நடக்கும் பீஷ்கி கடை. எண்ணெயில் பொரித்த வளைய வடிவப் பணியாரம், மேலே மாவுச் சர்க்கரை, பெரிய பாத்திரத்திலிருந்து பிடித்துத் தரும் பால் காபி. கை துடைக்க வெட்டிய காகிதத் துண்டு. பேராசிரியர், கட்டட வேலைக்காரர், பள்ளிப் பிள்ளை எல்லோரும் ஒரே வரிசை. மாமா, நீங்கள் தேடுவதில் கொஞ்சம் அங்கே கிடைக்கும்.

இப்போ நிலைமை எப்படி? போனா பழைய மாதிரி இருக்குமா?

இல்லை. 1990 ஜனவரி 31 அன்று மாஸ்கோவின் புஷ்கின் சதுக்கத்தில் முதல் மெக்டொனால்ட்ஸ் திறந்தபோது ஒரே நாளில் 30,000 பேர் வந்தார்கள். உக்ரைன் மீதான போரைத் தொடர்ந்து அந்நிறுவனம் வெளியேற, 2022 ஜூன் 12 முதல் அதே கட்டடத்தில் ‘வ்குஸ்னா இ தோச்கா’ என்ற வேறு பெயரில் பர்கர் விற்கிறார்கள். வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்கே வேலை செய்யாது, கையில் பணம் வேண்டும்.

இரவு வாழ்க்கை நிற்கவில்லை. பார்கள் நிறைந்துதான் இருக்கின்றன. ஆனால் இந்த முறை வாசலில் நிற்பவரும் மாறிவிட்டார், இப்போது அங்கே அரசு. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ‘சர்வதேச எல்ஜிபிடி இயக்கத்தை’ தீவிரவாதம் என்று அறிவித்த சில நாட்களிலேயே மாஸ்கோ கிளப்புகளில் போலீஸ் சோதனை நடந்தது, ஒருபால் ஈர்ப்பாளர்கள் கூடும் இடங்கள் மூடத் தொடங்கின. அதே டிசம்பரில் முத்தபோர் என்ற மாஸ்கோ கிளப்பில் பிரபலங்கள் குறைந்த உடையில் விருந்து வைத்ததற்காகக் கிளப்பை மூட நீதிமன்றம் உத்தரவிட்டது, வந்த ஒரு பாடகர் சிறை போனார், நட்சத்திரங்கள் ஒவ்வொருவராகக் காணொளியில் மன்னிப்புக் கேட்டார்கள். பதுங்கு அறையில் ஆடிய அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனது கனக்கிறது. என் நண்பர்களில் பலர் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். இருப்பவர்கள் முன்பைவிட அதிகமாக ஒருவர் வீட்டில் ஒருவர் சந்திக்கிறார்கள், சமையலறையில், கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு. போகிற பிள்ளைகளுக்கு: பொது இடத்தில் போரைப் பற்றி, அரசியலைப் பற்றி எழுதவோ கத்திப் பேசவோ வேண்டாம். அதற்கு அங்கே சிறைத் தண்டனை உண்டு.

கிளம்புற நேரத்துல பெட்டியோட எல்லாரும் உட்கார்றாங்களே, அது எதுக்கு?

நீண்ட பயணத்துக்கு முன் வீட்டில் இருக்கும் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். வீட்டுத் தெய்வத்தை ஏமாற்றி, யாரும் கிளம்பவில்லை என்று நம்பவைக்க ஏற்பட்ட பழைய வழக்கம் என்பார்கள். நான் பீட்டர்ஸ்பர்கை விட்டுக் கிளம்பிய அன்று பாட்டி சமையலறை முக்காலியில் உட்கார்ந்தார், நான் பெட்டி மேல் உட்கார்ந்தேன். நீலக் கோடு போட்ட கோப்பை ஒன்றை செய்தித்தாளில் சுற்றி என் கைப்பைக்குள் ஏற்கனவே வைத்திருந்தார். அந்த ஒரு நிமிடத்தில்தான், பாஸ்போர்ட்டை ஜன்னல் திண்டில் விட்டது எனக்கு ஞாபகம் வந்தது.